சிசிடியே வென்றது என்று மைத்துனருக்கு எழுதியது

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவர் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், உங்கள் அக்கா என்னைவிடச் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. அங்கே நீங்களும் உங்கள் வீட்டாரும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், ஏனென்றால் நீங்கள் போன் செய்யும்போது நான் எடுத்துத் தொலைத்தால் "அக்கா இருக்காங்களா" என்பதற்கு மேல் உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வருவதில்லை. ஆறு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. நானும் "இருக்கா" என்று சொல்லி போனைக் கொடுத்துவிடுகிறேன். இருவருக்கும் பேச்சுவார்த்தை இருப்பதாக உங்கள் அக்கா வெளியில் சொல்லிக்கொள்வது இந்த இரண்டு சொற்களை வைத்துத்தான்.

உங்களை நான் "நீங்கள்" என்று எழுதுவதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். நீங்கள் கால்சட்டை போட்டுக்கொண்டு எங்கள் கல்யாணத்தில் ஓடிக்கொண்டிருந்த நாளிலிருந்து உங்களை "நீ" என்றுதான் அழைத்து வந்தேன். இன்று எழுதுவது வழக்கு சம்பந்தமான கடிதம். வழக்கில் எதிராளிக்கு மரியாதை கொடுப்பதுதான் முறை. என்ன வழக்கு என்று உங்களுக்கே தெரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நாம் இருவரும் வேலை பார்த்த கேமரா ஷோரூமில் தொடங்கிய அந்த வழக்கில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்துவிட்டது. அதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் செய்தித்தாளும் நானுமாக உட்கார்ந்திருந்தேன். மாடியில் குடியிருக்கிறவர்களின் பெண், கல்லூரியில் படிக்கிறாளே, அவள் வாசலில் வந்து நின்றாள். வழக்கமாகத் தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்லத்தான் வருவாள். அன்று வந்து, "அங்கிள், நீங்க முன்னாடி கேமரா ரிப்பேர் பண்ணீங்களாமே, உங்ககிட்ட பழைய சிசிடி கேமரா ஏதாவது இருக்கா?" என்றாள். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் சிசிடி என்றுதான் சொன்னாள். அந்தச் சொல்லை இந்த வீட்டில் என்னைத் தவிர ஒருவர் சொல்லிப் பல வருஷம் ஆயிற்று. இப்போது இளவட்டமெல்லாம் பழைய சிசிடி கேமராவைத்தான் தேடி அலைகிறதாம், போனில் எடுக்கிற படம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதாம், சிசிடியின் நிறம் இதில் வராதாம். நான் எழுந்து நின்றுவிட்டேன். முழங்கால் வலித்ததா என்று நினைவில்லை. உள்ளே திரும்பி உங்கள் அக்காவிடம், "கேட்டியா, கேட்டியா?" என்றேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, "கேட்டுச்சு. மோட்டாரப் போட்டீங்களா?" என்றாள்.

வழக்கு என்று வந்தால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஆவணத்தில் இருக்கட்டும். கேமராவுக்குள் ஃபிலிம் போய் அதன் இடத்தில் சென்சார் வந்த காலம் அது. சென்சாரில் இரண்டு ஜாதி. ஒன்று சிசிடி, மற்றது சிமாஸ். வெளிச்சத்தை மின்சாரமாக்கும் லட்சக்கணக்கான புள்ளிகள் இரண்டிலும் உண்டு. சிசிடி ஒழுங்கான பழைய ஆபீஸ் மாதிரி. ஒவ்வொரு புள்ளியும் தன் கணக்கைப் பக்கத்து மேசைக்குத் தள்ளும், அது அடுத்த மேசைக்குத் தள்ளும், கடைசியில் ஒரே ஒரு தலைமை குமாஸ்தா எல்லாவற்றையும் வாசித்துக் கையெழுத்துப் போடுவார். நேரம் ஆகும், பேட்டரியைக் குடிக்கும், ஆனால் கையெழுத்து ஒன்றாக இருக்கும். சிமாஸில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குட்டி குமாஸ்தா. அவரவர் மேசையில் அவரவர் கையெழுத்து. வேலை வேகமாக முடியும், மின்சாரம் மிச்சம், செய்வதும் சுலபம், மற்றச் சில்லுகள் செய்யும் தொழிற்சாலையிலேயே இதையும் செய்துவிடலாம். ஆனால் லட்சம் பேர் கையெழுத்துப் போட்டால் லட்சம் விதமாகத்தானே இருக்கும்? இருட்டில் எடுத்த படத்தில் ரவை சிந்தினாற்போலப் புள்ளி புள்ளியாக வந்தது அதனால்தான். இதை நான் அன்றே சொன்னேன்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கவுண்டர் மேல் ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கையில் டீயுடன், "அத்தான், புள்ளி எல்லாம் சரி பண்ணிடுவாங்க. இது சின்னதாகும், எல்லார் பாக்கெட்டுலயும் போகும். போன்லயே வந்துரும் பாருங்க" என்றீர்கள். அதற்கு நான், "போன்ல கேமராவா? அப்புறம் இஸ்திரிப் பெட்டியில ரேடியோ வருமா?" என்று கேட்டேன். பிரிண்ட் போடுகிற லேப் ஆபரேட்டர் விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி சிரித்தார். நான்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன். என்ன காலம் அது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் உள்ளிருந்து வரும் அந்த லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட் வாசனையும், கண்ணாடி அலமாரியில் வரிசையாக உட்கார்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் லென்சுகளும், மூலையில் என் சர்வீஸ் மேசையும், விளக்கும், குட்டி ஸ்க்ரூ டிரைவர்கள் இருபத்தேழும் இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன. நீங்கள் வாடிக்கையாளரை முன்பக்கம் பேச்சில் மடக்குவீர்கள், நான் பின்பக்கம் தூசி ஊதிக்கொண்டே நீங்கள் விட்ட புளுகை எல்லாம் எண்ணிக்கொண்டிருப்பேன். மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். அதெல்லாம் உண்மையிலேயே சந்தோஷமான நாட்கள், மறைத்து என்ன ஆகப்போகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் கேட்டதும் கேமராவைப் பரணிலிருந்து எடுக்க ஸ்டூல் மேல் ஏறினேன். ஏறியது நான், இறக்கியது உங்கள் அக்காவும் அந்தப் பெண்ணும் பக்கத்து வீட்டு டெய்லரும். கேமராப் பைக்குள் திரைச்சீலை வளையங்கள் இருந்தன. கேமரா தையல் மிஷின் பெட்டிக்குள் இருந்தது. சார்ஜர் எங்கேயும் இல்லை. ஒரு நாள் முழுக்கத் தேடிய பிறகு, அதைத்தான் நான்கு வருஷமாக என் ஷேவிங் மிஷினுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. பேட்டரி உப்பிப் போயிருந்தது, வேறு பேட்டரிக்கு மூன்று கடை ஏறினேன். மூன்றாவது கடையில் இருந்தவர் கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எங்க சார் பேசணும்?" என்று கேட்டார். அதற்கெல்லாம் நான் அசரவில்லை. பேட்டரியைத் திறந்து உள்ளே வேறு செல் வைத்து நானே கட்டிவிட்டேன், கை இன்னும் போய்விடவில்லை. கேமரா உயிர் பெற்று "டிங்" என்றது. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருஷம். கண் கலங்கிவிட்டது, ஸ்பிரிட் பட்டுவிட்டது என்று உங்கள் அக்காவிடம் சொல்லிவைத்தேன்.

சாயங்காலம் மொட்டை மாடியில் அந்தப் பெண்ணும் அவள் தோழிகள் ஒன்பது பேரும் வந்து நின்றார்கள். நான் முறையாக வெளிச்சம் பார்த்து, "தலையை இடது பக்கம், தாடையைக் கொஞ்சம் கீழே" என்று சொல்லி எடுத்தேன். பிறகு அவர்களே வாங்கிக்கொண்டு கண்டபடி எடுத்தார்கள். கேமராவில் தேதி பழையபடி அது வந்த முதல் வருஷத்துக்கே போயிருந்தது, மாற்றித் தருகிறேன் என்றால் கேமராவைக் கையில் தர மறுத்துவிட்டார்கள். அவர்கள் பிறப்பதற்கு முந்தின தேதி படத்தில் விழுவது அழகாக இருக்கிறதாம். ஒரு சங்கடமான விஷயத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கைப் பார்த்து எடுத்தால் சிசிடியில் மேலிருந்து கீழே ஒரு வெள்ளைக் கோடு விழுமே, அந்தக் கோட்டுக்காக எத்தனை பேர் நம்மிடம் சண்டைக்கு வந்தார்கள், நான் எத்தனை பேருக்கு விளக்கம் சொல்லி அனுப்பினேன், அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் இவர்கள் மிகவும் சந்தோஷப்பட்டார்கள். "அங்கிள், இந்தக் கோடு எப்படி வர வைக்கிறது?" என்று கேட்டாள் ஒருத்தி. கடையில் இருந்த வருஷமெல்லாம் அது வராமல் இருக்க வழி சொன்னவன் நான். இருந்தாலும் வெற்றி வெற்றிதான், எதற்காகக் கொடுத்தார்கள் என்று தோண்டிப் பார்க்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கும் படத்தை அந்தப் பெண் பார்த்தாள். வாய் திறந்தபடி நின்றுவிட்டாள். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் டீயும் கையுமாக அதன் கீழே நின்று என் விளக்கத்தைக் கேட்டிருக்கிறீர்கள், ஆனாலும் சாட்சியம் என்பதால் எழுதுகிறேன். ஷோரூமின் புது மேல்தளம் திறந்த அன்று, அடுத்த வருஷத்துக்கு எந்தச் சரக்கைக் கொண்டுவருவது என்று முடிவுகட்ட முதலாளி நம் இருவரையும் ஆளுக்கு ஒரு கேமராவால் ஒரே காட்சியை எடுக்கச் சொன்னார். என் கையில் சிசிடி, உங்கள் கையில் நீங்கள் வரவழைத்த சிமாஸ். சாப்பாடு கொண்டுவந்த உங்கள் அக்காவும் எட்டு வயது மகளும்தான் காட்சி. ஜன்னல் வெளிச்சம் விழும் மாடிப்படியில் இருவரையும் உட்கார வைத்தோம். லேப் ஆபரேட்டர் இரண்டு மெமரி கார்டையும் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் கொட்டி, தன் வழக்கப்படி ஒன்று முதல் நாற்பதுவரை எண் கொடுத்து, பிரிண்ட் போட்டுக் கலைத்து அடுக்கிவிட்டார். முதலாளி முன்னால் அந்தக் கட்டைப் பிரித்து ஒரு படத்தை உருவி நான் மேசையில் போட்டேன். "இதுதான் சிசிடி. கண் இருக்கிறவனுக்குப் பார்த்தாலே தெரியும்" என்றேன். மகளின் சிவப்புக் கவுன், விழுந்த முன்பல், உங்கள் அக்காவின் கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம். அவள் வாய்விட்டுச் சிரிக்கும் ஒரே படம் அதுதான். அந்தத் தோலின் நிறமும் அந்தச் சிரிப்பும் சிசிடியைத் தவிர வேறு எதிலும் வந்திருக்காது. நீங்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள், பிறகு மூடிக்கொண்டீர்கள். பதில் இல்லாதவர் வேறு என்ன செய்ய முடியும்?

அதுவரை முதலாளி, "டிஜிட்டல்ல ரிப்பேர் பண்ண என்ன இருக்கு, சர்வீஸ் மேசைய எடுத்துட்டு அங்க ஒரு அலமாரி வெக்கலாமே" என்று தினமும் முனகிக்கொண்டிருந்தார். அன்று அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணு நம்ம கடையில இருக்கட்டும்" என்றார். மேசையும் தங்கியது, நானும் தங்கினேன், மகளின் படிப்பு தடைபடாமல் நடந்தது. வருஷம் முழுக்க சிசிடிதான் வாங்கினோம். எட்டு மாதத்தில் நீங்கள் வேறு ஊருக்கு, வேறு கடைக்குப் போய்விட்டீர்கள். தோற்றவர் கிளம்பிவிட்டார் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். பின்னால் என்ன ஆயிற்று, யார் பாக்கெட்டில் எது போயிற்று, பெட்டி பிரிக்காமல் எவ்வளவு சரக்குக் கிடந்தது, எந்த ஷட்டர் இறங்கியது என்பதெல்லாம் இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதவை.

மகள் கல்யாணத்தன்று நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். பந்தியில் உங்கள் போனை வாங்கி மேலே சுற்றிய மின்விசிறியைப் படமெடுத்து, றெக்கைகள் வளைந்திருப்பதை நான் சம்பந்தி வீட்டாருக்கு ஒவ்வொருவராகக் காட்டியது தொழில்நுட்ப விளக்கமே தவிர வேறில்லை. சிமாஸ் வரி வரியாக வாசிக்கிறது, வாசித்து முடிப்பதற்குள் றெக்கை நகர்ந்துவிடுகிறது. நீங்கள், "விடுங்க அத்தான், இன்னிக்கு இங்க இருக்கிற எல்லார் கையிலயும் இதான் இருக்கு" என்றீர்கள். நான், "விக்கிறவனுக்குப் படத்தப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னால் கேட்டிருக்க வேண்டாம்தான். நீங்கள் சாப்பிடாமல் கிளம்பினீர்கள். அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

ஆகையால் இப்போது கோருவது இதுதான். சிசிடியே மேலானது என்றும், அதை அன்றே சொன்னவர் உங்கள் அத்தான் என்றும், உங்கள் கைப்பட ஒரு காகிதத்தில் எழுதி அனுப்ப வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. அது வந்து சேர்ந்ததும் நான் பெருந்தன்மையுடன் உங்களை வீட்டுக்கு அழைக்கத் தயாராக இருக்கிறேன். அதற்கு முன் அழைப்பதாக இல்லை. சாட்சியத்துக்காகக் கூடத்துப் படத்தின் பெரிய பிரதி ஒன்றையும் இத்துடன் அனுப்புகிறேன், மூலப் படம் பழைய சிடியில் இருக்கிறது, மாடி வீட்டுப் பெண் நாளை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

உங்கள் மனைவிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்து, நல்ல கண்ணோடு நீண்ட நாள் வாழ்க. நீங்களும்தான்.

இப்படிக்கு,
வழக்கில் வென்ற,
உங்கள் அக்கா கணவர்

பின்குறிப்பு: பிரதி அனுப்பவில்லை. மேலே எழுதியதில் எங்கள் சுகத்தைப் பற்றியதும் முழங்காலைப் பற்றியதும் மட்டும்தான் சரி.

இன்று காலை அந்தப் பெண் சிடியைத் தன் கம்ப்யூட்டரில் போட்டாள். படத்தை எடுத்த கேமராவின் பெயர், தேதி, நேரம் எல்லாம் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் சந்தேகம் வந்தவன்தானே திறந்து பார்ப்பான்? எனக்கு இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் வரவில்லை. அவள் எதையோ தட்டினாள், முகம் மாறியது. "அங்கிள், இதுல வேற கேமரா பேரு இருக்கே" என்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உன் கேமரா. உன் சிமாஸ். நாற்பதையும் பார்த்தோம். நான் எடுத்த இருபதில் உன் அக்கா பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்தவளைப் போல இருக்கிறாள்.

அடுக்களைக்குப் போய் நின்றேன். அவளே நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்துட்டீங்களா?"

"உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்குச் சாயங்காலமே தம்பி சொல்லிட்டான். 'அக்கா, மொதலாளி மேசைய எடுக்கத்தான் காத்திருக்காரு. அத்தானுக்கே எது எதுன்னு தெரியலேன்னா நாளைக்கே எடுத்துடுவாரு. நான் எங்க போனாலும் பொழச்சுக்குவேன், நீ வாயத் திறக்காதே'ன்னான்."

"அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"எப்ப சொல்றது? அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னாலே உங்க முகம் அப்படி ஆயிடும்." அடுப்பைத் தணித்துவிட்டு, "நீங்க எடுக்கும்போது நான் என்னிக்கு சிரிச்சிருக்கேன்? தலைய அப்படி வை, தாடைய இப்படி வைன்னு சொல்லிட்டே இருப்பீங்க. அவன் கேமராவத் தூக்கிட்டு உங்கள மாதிரியே பேசிக் காட்டினான்" என்றாள்.

கூடத்துக்கு வந்து படத்தைப் பார்த்தேன். அவள் லென்சைப் பார்க்கவில்லை, கொஞ்சம் மேலே, கேமராவைப் பிடித்திருக்கிறவன் முகத்தைப் பார்க்கிறாள். தம்பியைப் பார்க்கிற பார்வை அது. கண் இருக்கிறவனுக்குப் பார்த்தாலே தெரியும்.

கல்யாணப் பந்தியில் நான் அத்தனை பேர் முன்னால் அப்படிக் கேட்டபோது நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் மூக்கு உடைந்திருக்கும். நீ சாப்பிடாமல் போனாயே தவிரச் சொல்லவில்லை. நான் செய்தது தப்பு. அதை என் கைப்பட, காகிதத்தில், இதோ எழுதிவிட்டேன். இது செல்லும்.

மேலே உள்ள பக்கங்களைக் கிழிக்கப் போனேன். உன் அக்கா பிடுங்கிக்கொண்டாள். "அப்படியே அனுப்புங்க. அவன் படிச்சுச் சிரிக்கட்டும்" என்கிறாள். சிரி. பிறகு கிளம்பி வா. வரும்போது சாப்பிடாமல் வா, ஆறு வருஷத்துச் சாப்பாடு பாக்கி இருக்கிறது.

இன்னொன்று. இந்த வீட்டுச் சுவரில் பதினாறு படங்கள் மாட்டியிருக்கிறேன், இன்று எண்ணினேன். ஒன்றில்கூட நீ இல்லை. எங்கள் வீட்டு மாடிப்படியிலும் பதினோரு மணிக்கு ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிறது. இந்த முறை நீ உன் அக்கா பக்கத்தில் போய் உட்கார், நான் எடுக்கிறேன். எந்தக் கேமராவில் என்று நீயே சொல். தாடையைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன்.